ஆட்டோ வராத லேஅவுட்

தாரணிக்கு,

கௌரி பண்டிகைக்குப் பாகினம் வாங்கப் போனவள், தசரா முடிந்தும் மண்டி மொஹல்லாவில் உன் தம்பி வீட்டிலேயே இருக்கிறாய். வளையலும் தானியமும் வைத்த அந்தச் சீர் முறத்தைத் தம்பிதான் அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து தர வேண்டும். அவன் வந்த ஆட்டோ ரிங் ரோட்டைத் தாண்டி மண்பாதையில் இறங்க மறுத்ததும், "அக்கா, நீயே வந்துடு" என்று போன் செய்துவிட்டுத் திரும்பிவிட்டான். பட்டுப்புடவையோடு சேற்றில் நடந்து போனது நீ. அதை நான் மறக்கப்போவதில்லை.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த என்னைப் பற்றி அவன் ஊரெல்லாம் பேசுகிறானாம். பழைய வீட்டில் தினமும் சாப்பாட்டு வேளைக்குச் சரியாக வந்து உட்கார்ந்தவன் அவன். கடைத்தெருவும் பஸ்ஸும் இல்லாவிட்டாலும் இங்கே நிம்மதி இருக்கும் என்றுதான் வாங்கினேன்.

இருக்கிற ஒரே கடை அஞ்சலையுடையது. நேற்று அவள் நாலு பேர் முன்னால் கேட்டாள்: "யாரும் வரக்கூடாதுன்னுதானே சார் இங்க வீடு வாங்கினீங்க? அப்புறம் எதுக்கு தினமும் ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"பால் வண்டிக்கு" என்றேன்.

"அது காலையிலயே வந்துட்டுப் போயிருச்சே சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். பால் இல்லாமலே வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரிங் ரோடு முனையில் ஸ்கூட்டரோடு நிற்பேன். மண்பாதையில் நீ நடக்க வேண்டாம். உன் தம்பியும் வருவதானால், உன்னை வீட்டில் விட்டுவிட்டு அவனுக்காகத் திரும்பி வருகிறேன். வழியில் அவனோடு பேசமாட்டேன். அதை மட்டும் எதிர்பார்க்காதே.

உன் வீட்டுக்காரன்