சிவப்பு மையில் பிளெமிஷ்

அன்புள்ள நயினார்,

மகன் வீட்டுக் கூடத்தில் இந்த ஆண்டு ஒரு புதிய காலண்டர் மாட்டியிருக்கிறார்கள். மாதத்துக்கு ஓர் ஓவியம். இந்த மாதப் படத்தில் ஒரு பருத்த பெண்மணி மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள். காலடியில் ஒரு பூனை. கீழே பொடி எழுத்தில் ‘பிளெமிஷ் ஓவியம்’ என்று போட்டிருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அதே சொல்தான். நான் சிரித்த சத்தம் கேட்டு மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னா மாமா, மீனைப் பார்த்தா சிரிப்பு வருது?” என்றாள். விளக்கிச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் குழம்பிவிட்டேன். நீ இருந்திருந்தால் இரண்டு வாக்கியத்தில் முடித்திருப்பாய். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

திண்டிவனத்து ஆபீஸில் ஒரே மேசையின் இரண்டு பக்கம் நாம் உட்கார்ந்திருந்த காலம். ஐரோப்பாவில் சண்டை தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டார் பதிவேடு என் பொறுப்பு. அதில் இருந்தவர்கள் நாலைந்து பேர்தான். பெருமுக்கல் பக்கத்துக் கிராமத்தில் மாதா கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த சாமியார் அவர்களில் ஒருவர். ஊரார் அவரைப் ‘பிரெஞ்சு சாமி’ என்றார்கள். வெள்ளைக்காரச் சாமியார் என்றால் புதுச்சேரி, புதுச்சேரி என்றால் பிரெஞ்சு, அவ்வளவுதான். அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்து, நாடு என்ற கட்டத்தில் பெல்ஜியம் என்று எழுதினேன். மொழி என்ன என்று பாஸ்போர்ட்டில் இல்லை. அவரைக் கேட்கக் கூச்சம். பிரெஞ்சு என்று நானே எழுதி நிரப்பினேன். அதுவும் அழகான கையெழுத்தில்.

பிறகு சென்னையிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே சாமியாருக்கு அவர் தாயார் எழுதிய கடிதம், பிரித்த நிலையில். கூடவே, வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் தணிக்கைக்காரர்களின் குறிப்பு: பதிவேட்டின்படி இவர் மொழி பிரெஞ்சு, கடிதத்தில் இருப்பது பிரெஞ்சு இல்லை, ஜெர்மன்போல் தெரிகிறது, ஒரு வாரத்துக்குள் விளக்கம் வேண்டும். ஜெர்மானியர்களை அப்போது பிடித்து முகாமில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுதிய ஒரு சொல்லால் அந்த மனிதர் முகாமுக்குப் போவார்; என் தற்காலிக வேலையும் போகும். நீ சைக்கிளை எடுத்தாய்.

“பயந்துக்கினு உக்காந்திருந்தா ஆவாது. வா, அவரையே கேட்டுடுவோம்.”

சாமியார் கோயில் வாசலில் மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் தமிழ் கற்றது அந்த ஊர்க் கூலிக்காரர்களிடம். நம்மைவிட நன்றாகவே அந்தப் பக்கத்துப் பேச்சு அவருக்கு வரும்.

“நானும் எத்தினி தபா சொல்லிக்கினு இருக்கேன்! பிரெஞ்சு இல்லப்பா, பிளெமிஷ்!” என்றார். “பெல்ஜியம்ன்றது நாடு. அதுல தெக்கால பிரெஞ்சு பேசுவான். வடக்கால நாங்க பிளெமிஷ். ஆளுக்கும் அதான் பேரு, பாஷைக்கும் அதான் பேரு.”

“ஜெர்மன் மாதிரியே இருக்குதாமே சாமி?” என்று கேட்டாய்.

“பங்காளி பாஷைப்பா. மூஞ்சி ஒரே சாயலா இருக்கும். பங்காளின்னா பேச்சுவார்த்தை இருக்குதுன்னு அர்த்தமா? போன சண்டையில எங்க வூட்டுக் கூரைய எரிச்சவனே அவன்தான்!”

ஆபீஸ் அகராதியில் பிளெமிஷ் என்பதற்கு ‘பிளாண்டர்ஸைச் சேர்ந்த’ என்று போட்டிருந்தது. பிளாண்டர்ஸ் எங்கே இருக்கிறது என்று போடவில்லை. ஆனாலும் ஐந்து தலைப்புகளில் அறிக்கை தயாரித்தேன். நான்காம் தலைப்பின் கடைசியில் என் தவறு இருந்தது, யார் கண்ணிலும் படாத பொடி எழுத்தில். நீ படித்துவிட்டு, “இத்த முதல்ல எழுதுய்யா” என்றாய். மாற்றி எழுதினேன்.

கெடு முடியும் நாளில், அறிக்கையை ஏற்று ஒப்பமிட வேண்டிய நம் அதிகாரி விழுப்புரத்தில் முகாம் போட்டிருந்தார். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பாசஞ்சரில் போனோம். முண்டியம்பாக்கம் தாண்டியதும், எனக்கு உடம்பு சரியில்லை, நீ மட்டும் போ என்றேன். “சரி, குதி” என்றாய். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி தங்கியிருந்த பங்களா வாசலில் மூன்று மணி நேரம் நின்றோம். பொழுது விழுந்தபின் உங்கள் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். அது உங்கள் சமண முறை. உன் தூக்குச்சட்டியில் புளிச்சோறு அப்படியே இருந்தது. “போய்ச் சாப்பிட்டு வாப்பா” என்றேன்.

“நான் அந்தப் பக்கம் போனா நீ இந்தப் பக்கம் ஓடிடுவே.”

உண்மைதான். சூரியன் மறைந்த பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “பெல்ஜியத்துக்காரன் பிரெஞ்சுதானே பேசணும்? அது என்ன புதுசா பிளெமிஷ்? ஜெர்மன்காரன் வச்சுக்கிட்ட மாறுவேஷமா?”

நீ கைகட்டி நின்று சொன்னாய்: “மன்னிக்கணுங்க. ஐயா மாற்றலாகி வந்த அன்னிக்கு, நான் ஜைனன்னு சொன்னதும், மார்வாடுல எந்த ஊருன்னு கேட்டீங்க. எனக்கு இங்க பக்கத்துல மேல்சித்தாமூருங்க. எங்க முப்பாட்டன் காலத்திலேர்ந்து தமிழத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க.”

அதிகாரியின் மீசை அசைந்தது. “அப்போ இவர் பெல்ஜியத்து நயினாரா?” என்று கேட்டு அவரே உரக்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும், “சரி, பிரெஞ்சுன்னு எழுதினது யாரு?” என்றார்.

கதவு எனக்குப் பின்னால்தான் இருந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நான்தாங்க. அவரைக் கேக்காமலே எழுதிட்டேன்.”

“ஏன்?”

“கட்டம் காலியா இருந்துதுங்க.”

அவர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். பிரெஞ்சை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் பிளெமிஷ் என்று எழுதினேன். இந்த முறை எழுத்து கோணிப்போயிற்று. “இனிமே கேட்டு எழுது” என்று சொல்லிப் பக்கத்தில் ஒப்பமிட்டார். கடிதத்தை உரியவரிடம் கொடுக்கவும் உத்தரவானது. என் வேலையும் தப்பியது.

மறுநாள் காலையிலேயே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தோம். சாமியார் நின்றபடியே படித்தார். பாதியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“அம்மா இன்னா எழுதியிருக்காங்க சாமி?” என்றாய்.

“பசு கன்னு போட்டுச்சாம். அப்புறம், என் கடுதாசியில ஒரே தப்பா இருக்குதாம். நம்ம பாஷை மறந்துபோச்சாடான்னு கேக்கிறாங்க.”

அந்தக் கோடையிலேயே ஜெர்மன் படை அவர் நாட்டுக்குள் புகுந்தது. சண்டை முடியும்வரை அவருக்கு வீட்டிலிருந்து வேறு கடிதம் வரவில்லை. இந்த ஒன்று கையில் இருந்தது.

அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, கேட்காமல் ஒரு கட்டத்தையும் நான் நிரப்பவில்லை. ‘கேள்விக்குறி கிளார்க்’ என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நீதான் என்று எனக்கு இன்னும் சந்தேகம். உன்னிடம் மட்டும் ஒன்றைக் கேட்காமல் விட்டேன். திரும்பும் ரயிலில் நீ தூக்கை என் மடியில் வைத்து, “வீணாப் போவப்போவுது, நீ சாப்பிடு” என்றாய். வெட்கமில்லாமல் முழுவதையும் சாப்பிட்டேன். அந்தக் கோப்பில் உன் பெயர் எங்கும் இல்லை. என் தவறுக்கு நீ ஏன் வெறும் வயிற்றோடு நின்றாய்? நட்பு என்று எழுதலாம். பிடிவாதம் என்று எழுதலாம். நான் நடுங்குவதை வேடிக்கை பார்க்க வந்தாய் என்றும் எழுதலாம். எதையும் எழுதமாட்டேன், நயினார். நீ சொல்லவில்லை. காலியாகவே விடுகிறேன்.