அட்டை மறைத்த ஆண்டு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

நான் வேலை செய்யும் படச்சட்டக் கடையில் ஒரு வேடிக்கை. நூறு வருடத்துக்கு முந்தைய நையாண்டிப் பத்திரிகையின் கேலிச்சித்திரம் ஒன்றுக்குச் சட்டம் போட்டேன். தொப்பை மந்திரி ஒருவர் நாற்காலியைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறார். படத்தைச் சுற்றி வைக்கும் ஓர அட்டையை நான் அகலமாக வெட்டியதில், அடியில் அச்சிட்டிருந்த ஆண்டு மறைந்துவிட்டது. கண்ணாடி ஜன்னலில் வைத்ததும் கட்சிக்காரர்கள் இருவர் நுழைந்தார்கள்.

"யாரும்மா இது? நம்ம தலைவரா?"

"இல்லைங்க, இவர் செத்து ரொம்ப வருஷமாச்சு."

"ஓஹோ, தலைவரையே சாகடிச்சிட்டியா?"

முதலாளி அட்டையைப் பிரித்து ஆண்டைக் காட்டியும் அவர்கள் சமாதானமாகவில்லை. என் பெயரைக் கேட்டார்கள். இனிஷியலை விரித்து உங்கள் பெயரையும் ஊரையும் உளறிவிட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை அப்பா. கடை முகவரிக்கு மட்டும் எழுத வேண்டாம். யாராவது என்னை விசாரித்து வந்தால் அம்மாவைப் பேச விடாதீர்கள். பெருமையில் என் பட்டமளிப்புப் போட்டோவையே எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

அவசரத்தில்,
உங்கள் மகள்