பத்து நிமிட நாற்காலி

ஜூன் 4

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நலம். நீயும் நலம்தானே? போனில் நான் 'ம்' கொட்டுவதைக் கேட்க முடியவில்லை, எழுதுங்கள் என்றாய். கடிதத்தில் வெறும் 'ம்' போட்டு அனுப்ப முடியாது என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாய். கெட்டிக்காரி.

ஞாயிறன்று எங்கள் திரைப்படச் சங்கத்தில் நம் இயக்குநரின் கடைசிப் படம். மனைவி கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். பிறகு சமையலறையில் அவளுடைய காலி நாற்காலி. பத்து நிமிடம் அது மட்டும்தான். இசை இல்லை, அசைவு இல்லை. படம் முடியும்வரை யாரும் வாய் திறக்கவோ எழுந்திருக்கவோ கூடாது என்பது நான் போட்ட விதி. அன்று ஒருவர் இருமக்கூட இல்லை. நான் அழுதுவிட்டேன். முடிந்ததும் அந்த நாற்காலியைப் பற்றியே அரை மணி நேரம் பேசினேன்.

இனியும் அவர் படங்களைக் கொட்டாவிக் காவியம் என்பாயா? உனக்கென்று புது டிஸ்க் வாங்கி அனுப்பியிருக்கிறேன். தூங்காமல் பார்.

நீ அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாறிப் போனதிலிருந்து உன் நாற்காலியில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கிறது.

உன்
சங்கத் தலைவன்

ஜூன் 11

தலைவருக்கு,

டிஸ்க் வந்தது. இன்னும் பார்க்கவில்லை. நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, வாயே திறக்காத ஆட்களை மூன்று மணி நேரம் பார்க்கத் தெம்பு வேண்டாமா?

போன படத்தில் ஒருவர் பால் பொங்கும்வரை நின்றார். நானும் தினமும் நிற்கிறேன், எனக்கு யார் விருது கொடுத்தார்கள்? அவர் படத்தில் ஒருத்தி பேசாமலிருந்தால் ஆழம் என்கிறீர்கள். வீட்டில் நான் பேசாமலிருந்தபோது தலைவலியா என்று கேட்டீர்கள்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை நகரவே மாட்டேன் என்கிறது. அன்றைக்குப் பார்க்கிறேன்.

பல் டாக்டர்

ஜூன் 16

தலைவருக்கு,

பார்த்தேன். தூங்கவில்லை. பெரிய படம்தான், ஒத்துக்கொள்கிறேன். அவள் சீப்பில் சிக்கியிருந்த முடியை அவன் எடுத்துப் பார்க்கிற இடத்தில் நானும் அழுதேன்.

ஆனால் உங்கள் நாற்காலி? அது ஒரு மூச்சு விடும் நேரம்தான் வருகிறது. உடனே கதவைத் திறந்துகொண்டு அவள் திரும்பி வருகிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவனோடு விடிய விடிய வாக்குவாதம் பண்ணுகிறாள். படத்திலேயே அவர்கள் அதிகம் பேசும் இடம் அதுதான்.

அன்று உங்கள் சங்கத்து டிஸ்க் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எழுந்திருக்கக் கூடாதே என்று நீங்கள் எல்லோரும் நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். கூடச் சிரிக்க ஆளில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

நம் வீட்டிலும் இதுதான் நடந்தது. பேச்சு எங்கோ மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வீடு அமைதியாக இருக்கிறது என்று நீங்கள் உட்கார்ந்தே இருந்தீர்கள். நான் பெட்டியைத் தூக்கிய அன்றுகூட எழுந்திருக்கவில்லை.

ஜூன் 22

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

ப்ரொஜெக்டர்காரரைக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "டீ குடிக்கப் போயிருந்தேன் சார். வந்து பார்த்தா மாட்டிட்டு நிக்குது. கடைசியில பேர் ஓடுற இடத்துக்குத் தள்ளி விட்டேன். நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

சங்கத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் மட்டும், இருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் மாதிரி வராது என்கிறார். அவரும் என்னைப் போலத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்.

அவர் பெரிய இயக்குநர்தானா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் திரும்பி வருகிற இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. தனியாகப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை ரயிலில் வரட்டுமா? நீ வெறும் 'ம்' என்று எழுதினாலும் போதும்.

உன்
தலைவன்

ஜூன் 25

ம்.

இங்கே சமையலறையில் நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, என்னுடையதை எடுத்து வாருங்கள்.