கூட்டி எழுதிய எண்கள்

சிட்லபாக்கம்
12-8-1970

அன்பு மகள் பியூலாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது, மறுநாளே அம்மா அதைச் சர்ச்சுக்கு எடுத்துப்போய், எங்க பியூலா அடுத்த மாசம் பெரிய விஞ்ஞானிங்க சபையில ஆராய்ச்சிப் பேப்பர் வாசிக்கப் போறா, எல்லாம் அவங்கப்பா எழுதி அனுப்பின கணக்குதான் என்று போதகர் வரைக்கும் சொல்லிவிட்டாள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தலை நிமிரவில்லை அம்மா. மூன்று நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

வானவெளியிலிருந்து வந்து விழும் காஸ்மிக் கதிரை எண்ணும் பெட்டியை 65-ல் என் பொறுப்பில் விட்டுப் போனாய். தினமும் காலை ஆறு மணிக்கு எண்ணைக் குறித்தேன், நாற்பதாயிரத்தை ஒட்டியே நிற்கும். 67-ல் வெள்ளையடிக்கும்போது பெட்டியை நகர்த்தப்போய் கைதவறிச் சுவரில் இடித்துவிட்டேன். அதற்கப்புறம் பார்த்தால் எண் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டேன். நீ ராப்பகலாகச் செய்த பெட்டி, உன்னிடம் எப்படிச் சொல்வேன். ஐந்நூறு, அறுநூறு என்று கூட்டி எழுதி அனுப்பினேன். 69 வரை, இரண்டு வருஷமும் அப்படித்தான். எந்த நாளில் எவ்வளவு கூட்டினேன் என்பதற்கு என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை.

இப்போது நீ எழுதுகிறாய், சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும் வருஷங்களில் வெளியிலிருந்து வரும் கதிர்களைச் சூரியனே தள்ளிவிடுமாம், உலகமெங்கும் எண்ணிக்கை குறைந்ததாம், நம் வீட்டில் மட்டும் குறையவில்லையாம், உன் பேராசிரியர் அதிசயப்படுகிறாராம். ஐயோ பாவி, இங்கேயும் குறைந்துதான் இருந்தது! பெட்டி உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. ரெயில்வே ஆபீசில் முப்பது வருஷம் ஒரு எண்ணைத் திருத்தாதவன், பெற்ற மகளுக்கு இப்படிச் செய்தேன்.

அந்தப் பேப்பரை வாசிக்காதே அம்மா. 67-க்கு முந்திய எண்கள் சத்தியமானவை, அவற்றை வைத்துக்கொள். அம்மாவிடம் இன்றைக்குச் சொல்லிவிடுவேன். வேளைக்குச் சாப்பிடு, கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து நடத்துவாராக. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பேராசிரியரிடம் பெட்டி பழுதென்று சொல்லிவிடாதே. அப்பா பொய் எழுதினார் என்றே சொல்.

உன் அப்பா,
ஜெபராஜ்