சாதுவானதைப் போட்டிருக்கலாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை விடாமல் போடுங்கள். போல்டரில் பனி கொட்டுகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. அபூர்வ நோய் வந்த ஒரே ஒரு குழந்தைக்காக, இருபது எழுத்து டிஎன்ஏ இழை ஒன்றை மருந்தாகச் செய்துகொண்டிருந்தேன். எழுத்துகளை வரிசையாக ஒட்டவைக்க, அதைத் தூண்டிவிடும் ஓர் அமிலம் வேண்டும். அதில் சாதுவானதும் உண்டு, வேகமாக ஒட்டவைக்கும் வீரியமானதும் உண்டு. எதைப் போடுவது என்பது என் பொறுப்பு.

"சாதுவானதையே போடு டெஸ். அந்த வீரியமானது அவசரக்குடுக்கை, ஒரு எழுத்து வேண்டிய இடத்துல ரெண்டை ஒட்டிவிட்டுடும்" என்றாள் பக்கத்து மேசை மார்னி.

குழந்தைக்கு நேரமில்லையே என்று நான் வீரியமானதைப் போட்டேன். அவள் சொன்னபடியே ஆயிற்று. சாதுவானதை வைத்து மறுபடி முதலிலிருந்து செய்து முடிக்க மூன்று வாரம் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை மருந்து தயார். இனி வேண்டாம் என்று புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது.

"முன்னாடியே குடுத்திருந்தாலும் பொழைச்சிருக்காதுடி" என்றாள் மார்னி, என் முகத்தைப் பார்க்காமல்.

அலமாரியில் இருக்கும் என் கம்பளிக் கையுறையை அனுப்புங்கள் அப்பா. அந்த மருந்துக் குப்பி இருக்கும் உறைபெட்டியைத் திறந்தால் விரல் விறைத்துப்போகிறது. எதற்கு அடிக்கடி திறக்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள்
டெஸ்