மேஸ்திரி ஏழுமலை மகள்

பிப். 6, வெள்ளி

காலையில் பனி. வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டே அலுவலகம். தலைவலி. பாதி பனியால், பாதி என் வருங்கால மாமியாரால், கார்த்தியின் அம்மா.

எங்கள் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அனுப்பியிருக்கிறார். அப்பா பெயருக்கு முன்னால் 'பில்டர்'. போனில், "சொந்தக்காரங்க கேப்பாங்கம்மா. மேஸ்திரின்னா ஒரு மாதிரி இருக்குல்ல?" ஒரு மாதிரி! பார்க்கிறேன் அத்தை என்று போனை வைத்துவிட்டேன். எனக்கே அதிசயம்.

சாயங்காலம் அப்பாவிடம் காட்டினேன். "பில்டர்னே போட்டுக்கோம்மா. அதுல இன்னா கீது? உன் கல்யாணம் நல்லபடியா நடந்தா போதும்." தரையைப் பார்த்துச் சொன்னார். யாருக்கும் தலை குனியாத மனுஷர்.

வாங்க: தயிர், அப்பாவுக்கு முழங்கால் தைலம்.

பிப். 7, சனி

தொழிற்பேட்டை ஆபீசில் பாதி நாள் வேலை. மொழிபெயர்ப்பு சரிபார்க்கிற வேலையில் ஒரு லாபம், பக்கத்து சீட் நித்யாவுக்கு ஸ்பானிஷ், பிரெஞ்சு எல்லாம் தண்ணி பட்ட பாடு. மேஸ்திரி என்கிற சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப்போச்சு.

லத்தீன் மாஜிஸ்தர், பெரியவர், கற்பிப்பவர். போர்த்துகீசில் மெஸ்த்ரே. கப்பலேறி நம்மிடம் மேஸ்திரி. இந்தியில் மிஸ்திரி. ஸ்பானிஷ் மாயெஸ்த்ரோ, பள்ளிக்கூட வாத்தியார். இத்தாலியில் இசைக்குழுவை நடத்துகிறவர். பிரான்சில் வக்கீலை மேத்ர் என்றுதான் கூப்பிட வேண்டுமாம். இங்கிலீஷில் மாஸ்டர், மிஸ்டர். கார்த்தி வீட்டுக் கதவுப் பலகையில் இருக்கிற அதே மிஸ்டர்!

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல். நித்யா: "உங்கப்பா ஆளு பெரிய எடம்டி."

பிப். 8, ஞாயிறு

வெயில். அயனம்பாக்கத்தில் அப்பாவின் சைட், இன்று தளம் போடுகிறார்கள். பூஜை முடிந்ததும் வீட்டுக்காரரான பேங்க் ஆபீசர் அப்பாவின் தலையில் புதுத் துண்டு கட்டினார். "மேஸ்திரி, மொதல் சட்டி கலவை உங்க கையால." சுற்றி அத்தனை பேர், மேஸ்திரி, மேஸ்திரி என்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிமெண்ட் தூசி என்றேன்.

பிரியாணி சாப்பிடும்போது நித்யா சொன்னது எல்லாம் சொன்னேன். வக்கீல், வாத்தியார் எதற்கும் அப்பா அசையவில்லை.

"போர்த்துகீசுக்காரன் கட்டடத்துலயும் மேஸ்திரின்னுதான் சொல்றானா?"

"ஆமாம்பா. வேலையை நடத்துறவருக்கு அதான் பேரு."

எலும்பைக் கடித்தார். "அப்ப அதையே போடு."

பிப். 11, புதன்

கார்த்தியின் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். மேஸ்திரி என்றுதான் வரும், அதில் மாற்றமில்லை. அவர், "உங்க இஷ்டம்." கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயம். இருக்கட்டும்.

ராத்திரி கார்த்தி மெசேஜ்: "ஒத்துக்கிட்டாங்க. மூஞ்சி மட்டும் தூக்கி வெச்சிருக்காங்க. மாமா கிட்ட சொல்லு, எனக்குப் பெருமைதான்னு." பிழைத்தான்.

பிப். 14, சனி

பத்திரிகை வந்தது. மஞ்சள் தடவி முதல் பத்திரிகை சம்பந்தி வீட்டுக்கு. முகப்பேர். அப்பா வெள்ளை வேட்டி, தளத்தன்று கட்டிய அதே துண்டு தோளில். அம்மா கையில் பழத்தட்டு.

கேட்டில் செக்யூரிட்டி: "யாரு வந்துகீறதுன்னு சொல்லணும்?"

"மேஸ்திரி ஏழுமலை."

"வேலைக்கா? அப்ப பின்னாடி கேட்டு."

நான் பாய்வதற்குள் அப்பா என் கையைப் பிடித்தார். சிரித்தார்.

"வேலைக்கு இல்ல நைனா. பொண்ணு குடுக்க வந்துகீறேன். மேஸ்திரின்னே சொல்லு."