நான் உட்கார்ந்திருந்த பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கேஸ், தண்ணீர், போர்வை நான்கு, மாத்திரை டப்பா எல்லாம் ஏற்றியாயிற்று. அவர் வழக்கம்போல் நான்கு சக்கரத்தையும் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். முப்பத்து நான்கு வருஷம் தொலைதூர பஸ் ஓட்டிய மனுஷன், ஒரு கீறல் கிடையாது. ஓய்வு பெற்றதும் வாங்கிய வண்டி இது. கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவுகிற தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். கேரவன் என்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை இதில் தெற்கே போவோம். முதலில் நாத்தனார் வீடு, அடுத்து மூத்தவன் வீடு, கடைசியில் கடலோரத்தில் சின்னவள் வீடு.

தெருமுனை திரும்பும்போதே குப்பைத் தொட்டி ஒன்றை இடித்துத் தள்ளிவிட்டார். நான் உட்கார்ந்திருக்கும் பக்கம். வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்றார்.

வெயிலா? விடிந்ததிலிருந்து வானம் மூடிக்கொண்டு கிடக்கிறது.

மார்ச் 4

இன்று எனக்கு ஒரு உத்தியோகம் கொடுத்தார். "போர்டைப் படிச்சுச் சொல்லிக்கிட்டே வா. உனக்கும் பொழுது போகும்."

நான் ஐந்தாம் வகுப்பு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் விரிப்புகளில் வார்டு எண் படித்ததுதான் என் படிப்பு. பெரிய பெயராக இருந்தால் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வண்டி தாண்டிவிடுகிறது. அப்படி இரண்டு திருப்பம் போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் என்னை எதையாவது படிக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மார்ச் 5

பதினேழு போர்டு. ஒன்றைக்கூட விடவில்லை.

மார்ச் 6, வெள்ளி

நாத்தனார் வீடு. இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "என்ன அண்ணி, நத்தை மாதிரி வீட்டையும் முதுகுல தூக்கிட்டு வந்துட்டீங்க. என் வீட்டுக் கட்டில் குத்துமா?" அவள் கேலி பண்ணாவிட்டால்தான் நான் பயப்பட வேண்டும்.

ஆனால் இன்று நடந்தது வேறு. அவள் வீட்டுக்காரரும் இவரும் ஏழு வருஷம் முகம் பாராமல் இருந்து, போன வருஷம்தான் ஒன்று சேர்ந்தார்கள். அந்த மனுஷன் அதிகம் பேசாதவர். வண்டி ஓரமாக வந்து நின்று, வாய் திறக்காமல் இரண்டு கையையும் நீட்டினார். இவர் அந்தக் கைகளைத் தாண்டி நேரே வீட்டுக்குள் போய்விட்டார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு சட்டையைத் தடவிக்கொண்டார், அதற்காகத்தான் கையைத் தூக்கினவர்போல. சாப்பிட எங்களோடு உட்காரவில்லை.

அடுப்படியில் நாத்தனார், "அண்ணனுக்கு இன்னும் மனசு ஆறல போல. இருக்கட்டும் விடுங்க" என்றாள். குரலில் கேலி இல்லை. நான் என்ன சொன்னேன்? அவர் குணம் உனக்குத் தெரியாததா என்றேன்.

ஆனால் அது அவர் குணமே இல்லை. கோபமென்றால் முகத்துக்கு நேரே முறைக்கிற ஆள் அவர். அந்த மனுஷன் நின்றதும் என் பக்கம்தான். குப்பைத் தொட்டியும் என் பக்கம்தான்.

மார்ச் 7

கேட்டுவிட்டேன்.

மரத்தடியில் டீ போட நிறுத்தினோம். என் இடத்தில் உட்கார்ந்தபடியே அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் கையைத் தூக்கினேன். எத்தனை விரல் என்று கேட்டேன். விளையாடாதே என்றார். சொல்லுங்கள் என்றேன். நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் நாலாக மடித்த டாக்டர் கடிதம். அவரே எடுத்து என் மடியில் போட்டார். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். கண்ணில் அழுத்தம். என் பக்கத்துக் கண்ணில் ஓரப்பார்வை போய்விட்டது, இன்னொன்றிலும் தூரத்து எழுத்து மங்குகிறது. வண்டி ஓட்டவே கூடாது. தேதி போன ஜூலை. எட்டு மாதம் என் பக்கத்தில் படுத்து எழுந்த மனுஷன்.

"இந்த ஒரு தடவை. சின்னவ வீடு வரைக்கும். அங்க போனதும் சாவியை நானே வெச்சுடறேன். நீ அந்தப் பக்கம் மட்டும் பார்த்துச் சொல்லு, போதும். யாருக்கும் தெரிய வேணாம்."

ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அதட்டித்தான் கேட்பார். இன்று கெஞ்சினார். சரி என்றேன்.

ஏன் சரி என்றேன்? அவர் மானத்துக்காகவா — இல்லை, எனக்கு ஒரு வேலை கிடைத்ததே என்றா?

மார்ச் 8, ஞாயிறு

ஆள். சைக்கிள். லாரி. சிவப்பு. நாய். இவ்வளவுதான் நாள் முழுக்க நான் பேசியது. சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இழுத்தால் மற்றவள் விட வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு. மதியத்துக்குள் நான் வாய் திறக்கும்போதே அவர் கால் பிரேக்கில் இருந்தது.

இதையும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் மூட்டைபோல் உட்கார்ந்து வந்தவள் நான்.

மார்ச் 9

மூத்தவன் வீடு. மருமகள் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவள். அதனாலேயே மாமனாருக்கு அவளிடம் தனி மதிப்பு. பேத்திக்கு இந்த மாதம் ஒன்பது வயது முடிகிறது. குறும்புக்காரி, எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பள்ளியில் அவள் வரைந்த படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. நான் போய்ப் பார்த்தேன். அங்கே நின்ற வாட்ச்மேனிடமும் சொன்னேன், என் பேத்தி என்று. அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது. அதில் எனக்கு இன்னும் பெருமை.

மருமகளுக்குக் கண் கூர்மை. "வண்டி ஓரத்துல புதுசா கீறல் இருக்கே அத்தை?" கேட் இடித்தது என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

சாயங்காலம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். பள்ளிக்கு ஒரு வாரம் லீவாம். வாலை எங்களோடு சின்னவள் வீட்டுக்கு அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை இவர்கள் ரயிலில் வந்து கூட்டிப்போவதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். அவள் ஏற்கெனவே பையைக் கட்டிவிட்டாள். மேல் கட்டில் எனக்கு என்று தாத்தாவிடம் ஒப்பந்தம் வேறு.

இவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அதுக்கென்ன, வரட்டும்" என்றார்.

நான் முடியாது என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னால பிள்ளையைப் பார்த்துக்க முடியாது, எனக்கு முட்டி வலி என்றேன். போன வருஷம் சின்னவள் மகனை ஒரு மாதம் இதே வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றியவள் நான். அது இவர்களுக்கெல்லாம் தெரியும்.

மூத்தவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணு பெத்த பிள்ளைக்கு வலிக்காத முட்டி, என் பிள்ளைக்கு வலிக்குதா அம்மா?" என்றான். மருமகள் அவனை அடக்கினாள். "விடுங்க. பரவாயில்ல அத்தை" என்று எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்த துணி.

வாலு மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள். "பாட்டி, நான் சத்தமே போட மாட்டேன்."

மார்ச் 10

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்கிறாள். கலர் பென்சிலைக் கடைசியில் எடுத்தாள்.

மார்ச் 11, புதன்

மருமகள் வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

ஊர் தாண்டும் முன்னே இவர் என்மேல் பாய்ந்தார். என் பேத்தியை ஏற்றிக்கொண்டு போக எனக்குத் தெரியாதா, எத்தனை ஆயிரம் பேரை ஏற்றியிருப்பேன் என்றார். என்னை ஏற்றிக்கொண்டு போகிறீர்களே, அது போதும் என்றேன்.

"அப்ப நீ போனா பரவாயில்ல, அவ போகக் கூடாது. அப்படித்தானே?"

ஆமாம், அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டேன். அழுகை வந்தது. அந்தப் பையும் பென்சிலும் கண் முன்னால். கடைத்தெருவுக்குள் நுழைந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

தட் என்று ஒரு சத்தம். என் ஜன்னலுக்குக் கீழே.

ஒரு ஆள் உள்ளங்கையால் வண்டியை அறைந்துவிட்டுப் பின்னால் சாய்ந்து நின்றார். இன்னும் ஒரு சாண் நெருங்கியிருந்தால் சக்கரம். அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை, அதுவும் பெண்பிள்ளை, வாலை விடச் சின்னது. அவர் கத்தக்கூட இல்லை. கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகத்தானே அவர் நினைத்திருப்பார்? வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"என்ன சத்தம்?" என்று கேட்டார் இவர்.

பை விழுந்தது என்றேன்.

மார்ச் 12

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. என் பேத்தியை ஏற்ற மாட்டேன் என்று சண்டை போட்டவள் நான். ரோட்டில் போகிற பிள்ளைகளுக்குப் பாட்டி இல்லையா? யாரைக் கேட்டு அவர்களை இந்த வண்டிக்கு முன்னால் விட்டேன்? அடி பாவி, போர்டு படிக்கக் கூப்பிட்டாரே என்று பூரித்துப்போனாயே.

லாரிகள் நிற்கிற திடலில் வண்டி நிற்கிறது. அவர் முகம் கழுவப் போன நேரம் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, மருமகளுக்குப் போன் போட்டேன். மகனுக்கு இல்லை. நான் நோகடித்தது அவளைத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கேட் இடிக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

கடைசி வரை கேட்டாள். பிறகு, "சாவி யார்கிட்ட இருக்கு அத்தை?" என்றாள்.

என்கிட்ட என்றேன்.

"யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. மாமா கேட்டாலும். நான் லீவு சொல்லிட்டு வர்றேன்."

ஒரு குறை சொல்லவில்லை. ஏன் முன்னமே சொல்லவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அவர் வந்து சாவி எங்கே என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். சிரித்தார் முதலில். பிறகு கையை நீட்டிக்கொண்டே நின்றார். பக்கத்து லாரிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் ஏறியது. உனக்கு யாரடி அதிகாரம் கொடுத்தது என்றார்.

"நேத்து விழுந்தது பை இல்லைங்க. ஒரு ஆள் வண்டியைக் கையால அறைஞ்சாரு. கையில சின்னப் பிள்ளை. உங்களுக்குத் தெரியல. நான் பார்க்கல. ரெண்டு பேரும் குருடாத்தான் வந்தோம்."

கை கீழே இறங்கியது. வண்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை. நானும்தான்.

மார்ச் 13

மருமகள் மதியம் வந்தாள், வாலையும் கூட்டிக்கொண்டு. பகலில் விட்டுவிட்டு வர ஆளில்லையாம். மாமனாரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "கிளட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்குமா மாமா?" "மூணாவது கியர் மட்டும் முரண்டு பிடிக்கும்" என்றார்.

அவர் என் இடத்தில் உட்கார்ந்தார். நானும் வாலும் பின்னால். சாயங்காலம் வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவ்வளவு குறுகிப்போன முதுகு என்று இதுவரை தெரியாது.

மார்ச் 14

சின்னவள் வீடு வந்து சேர்ந்தோம். நாத்தனாருக்குப் போன் பண்ணி, அன்றைக்கு நீட்டிய கையை இவர் ஏன் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அவள் உடனே போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மார்ச் 16

இவர் என்னோடு பேசி நான்கு நாள் ஆகிறது. மருமகளோடு பேசினார், சின்னவளோடு பேசுகிறார், எதிர்வீட்டுக்காரரோடு அரசியல் பேசுகிறார். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரிடம் சொல்கிறார். "டீ ஆறிப்போச்சு" என்று சுவருக்குச் சொன்னார். சுவர் போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்தது.

வாலு நேற்று ஊருக்குக் கிளம்பும் முன்னே அவரிடம் நேரே கேட்டுவிட்டாள். "தாத்தா, நான் இங்க நிக்கிறது தெரியுதா?" அவர் கோபப்படவில்லை. "தெரியல கண்ணு. இப்படி முன்னால வா" என்றார். மருமகள் கிளம்பும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அது போதும்.

நாளை மறுநாள் கண் ஆஸ்பத்திரி. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 18, புதன்

ஆஸ்பத்திரி எதிர்ப்பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோட்டைக் கடக்க வேண்டும். அகலமான ரோடு, நிற்காமல் வண்டிகள். அவர் எனக்கு முன்னால் நடந்தார், நான் கூட வருவதே தெரியாதவர்போல. ஓரத்தில் போய் நின்றார். ஒரு காலைக் கீழே வைத்தார், எடுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார்.

நான் வாய் திறக்கவில்லை. அவராகக் கேட்கட்டும் என்று நின்றேன். எனக்கும் ரோஷம் உண்டு. ஆனால் அவருக்குக் கண் தெரியாத பக்கத்தில் போய்த்தான் நின்றேன்.

வெகுநேரம் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் கடந்து போய்விட்டார்கள்.

"போகலாமா?" என்றார். சுவர் எதுவும் பக்கத்தில் இல்லை.

ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

"இருங்க" என்றேன். இருந்தார்.